சிரித்தால் பாதி விலை

விழுப்புரம் நெடுஞ்சாலை மின்கார் சார்ஜிங் நிலையத்தில் ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் இயந்திரம் விலை சொல்லும். அவசரம் தெரிந்தால் நாலு மடங்கு. என்ன தாராள மனசு! அப்பாவின் உடலைச் சாயங்காலம் எடுப்பதற்குள் விருத்தாசலம் போய்ச் சேர வேண்டிய பூங்கோதை, கண்ணைத் துடைத்துப் பவுடர் பூசிக்கொண்டாள்.

"கேமரா பாக்குது, சிரி. ஊட்டிக்குப் போறோம்னு நெனச்சுக்க," என்றான் கணவன் கதிரேசன்.

"எங்கப்பாவ எடுக்கப் போறாங்க, இவருக்கு ஊட்டியாம்!" சிரித்த முகம் கலையாமல் மெல்லச் சீறினாள் பூங்கோதை.

இயந்திரம் இருவரையும் ஆற அமரப் பார்த்தது. "உல்லாசப் பயணிகளுக்குப் பாதி விலை! அவசரக்காரர்கள் எல்லோரும் போனபின், இரவு உங்கள் முறை வரும்," என்று தேனாகக் குழைந்தது.

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மேடம், இந்த நடிப்பெல்லாம் இங்கே எடுபடாது," என்றது இயந்திரம்.