கால் சுற்று

மெக்கானிக் இருதயராஜ் எந்த வண்டிக்கு கார்புரேட்டர் ட்யூன் செய்தாலும், சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது சமையற்கட்டில் இருக்கும் அவன் மனைவி அமலியின் காதுதான். "காத்து ஜாஸ்தி!" என்று ஜன்னல் வழியே அதட்டல் வரும். அவன் காற்றைக் குறைக்க ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்குவான். வண்டி அடங்கிவிடும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இந்த மூன்று மாதத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் குத்துமதிப்பாக ட்யூன் செய்து காலத்தை ஓட்டினான்.

இன்று வந்தது ஒரு கிழட்டு ஒற்றை சிலிண்டர் வண்டி. ஸ்க்ரூவை எப்படித் திருப்பியும் சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது. வண்டிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜன்னலிலிருந்து கரகரவென்று ஒரு குரல் கேட்டது.

"கா... காத்து..."

இருதயராஜின் கை அப்படியே நின்றது.

"அதான் அண்ணியே சொல்றாங்கள்ல, இறுக்குங்கண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"பொறுங்க தம்பி. பாதிதான் சொல்லியிருக்கா. மீதியும் வரட்டும்."

இருதயராஜ் ஸ்க்ரூவை இன்னும் கால் சுற்று திறந்துவிட்டான்.