ஊருக்கு ஒரு ராத்திரி

"கோம்பை நாய்க்குக்கூடப் படுக்க ஒரு வாசல் இருக்கு. உங்களுக்கு ஏண்ணே இல்ல?"

பணியாரச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் மலையம்மாள். தேனிச் சந்தைப்பேட்டையில் அவள் கடையில் பணியாரத்துக்குத்தான் காசு. கேள்விகளைச் சும்மாவே கொடுப்பாள்.

ஒச்சாண்டி சிரித்தார். "வாசல் இருக்கப் போயித்தான் அதக் கட்டிப் போட்டிருக்காக தாயி."

சுதந்திரம் வந்த வருசத்து ஐப்பசி அது. சந்தைக்குச் சந்தை வந்துவிடுவார் ஒச்சாண்டி. நரைத்த தலை, தோளில் ஒரு துணி மூட்டை. வண்டிகளில் சரக்கு ஏற்றி இறக்குவார், கூலி வாங்கிப் பணியாரம் தின்பார், கிளம்பிவிடுவார். இன்றைக்குச் சின்னமனூரில் வண்டிக்கு அடியில் படுத்தால் நாளைக்குக் கோம்பையில் புளியமரத்தடி. மறுநாள் கொட்டகுடி ஆற்று மணல். ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி அவர் படுத்துப் பார்த்தவர் யாருமில்லை.

இப்படி ஓர் ஆள் கிடைத்தால் சந்தைப்பேட்டை சும்மா விடுமா? எங்கேயோ கொலை பண்ணிவிட்டு ஒளிந்து திரிகிறார் என்றாள் வெற்றிலைக் கடை பஞ்சம்மாள். மலையம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி விளக்குமாற்றால் விரட்டிய ஆள் என்பது அவள் தீர்ப்பு. சாட்சியும் வைத்திருந்தாள். பொழுது சாய்ந்தால் போதும், மனுசர் வலது கைப் பெருவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

"பெருவிரலுக்கும் பெண்டாட்டிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று பஞ்சம்மாள் கேட்டாள்.

"அது கட்டுனவளுக்குல்ல தெரியும்!" என்று முடித்துவிட்டாள் மலையம்மாள்.

அவள் இவ்வளவு துருவியதற்கு வேறு காரணம் இருந்தது. புருசன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகளைப் போடிக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. சந்தை கலைந்து அடுப்பும் அணைந்துவிட்டால், அந்தப் பொட்டலில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குக் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததுமே முதலாளியிடம் ஓடினாள். ஒச்சாண்டிக்காகப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன். அந்தா தெரியுது பாருங்க, அந்தக் கிட்டங்கிக் காவல். கயித்துக் கட்டிலு, கம்பளி எல்லாம் தாராக. ராச் சோறு நான் கொண்டாந்து தாரேன்."

ஒச்சாண்டி கிட்டங்கியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பணியாரத்தை மெதுவாக மென்றார்.

"ஒங்கூடப் பேசிக்கிட்டிருந்தா நல்லாத்தான் இருக்கும் தாயி."

மலையம்மாள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பெறகென்ன? வெட்டி முறிக்கிற வேலையா? பொழுது அடையிறதுக்குள்ள வந்துரணும். விடியிற வரைக்கும் வாசல விட்டு நகரக்கூடாது. அம்புட்டுத்தான்."

கடித்த பணியாரம் இலைக்கே திரும்பியது. பெருவிரல் வேட்டிக்குப் போனது.

"வேணாம் தாயி." அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அழுகை வரவேண்டிய இடத்தில் மலையம்மாளுக்கு வாய் வந்தது.

"போங்க, போங்க! கட்டுனவகூட ஒரு ராத்திரி தங்கத் துப்பில்லாம ஓடியாந்த ஆளு, கிட்டங்கியவா காக்கப் போறீக? எத்தன வருசமா இந்த நாடோடிப் பொழப்பு?"

"இந்த வைகாசியிலருந்துதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு முன்ன எங்கன படுத்தீக?"

"எங்க ஊரு போலீசு டேசன் வாசல்ல. வெள்ளக்காரன் போட்ட ரேகைச் சட்டத்துல எம் பேரச் சேத்துப்புட்டாக தாயி. நான் ஒண்ணும் களவாங்கல, எங்க ஊர்ல பொறந்தேன், அம்புட்டுத்தான். மீசை மொளைச்ச நாள்லருந்து, பொழுது அடையப் போயி, பெருவிரல்ல மையத் தடவி ஏட்டுல ரேகை உருட்டிட்டு, விடியிற வரைக்கும் அங்கனயே கெடக்கணும். எம் பொஞ்சாதி போன வருசம் போயிச் சேந்தா. இந்த வைகாசியிலதான் சட்டத்த எடுத்தாக."

சட்டியில் பணியாரம் கருகியது. மலையம்மாள் திருப்பிப் போடவில்லை.

ஒச்சாண்டி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆனா நீ சொன்னது நெசந்தான் தாயி. அவகூட ஒரு ராத்திரியும் நான் தங்கல. கலியாணத்தன்னைக்கும் டேசன் வாசல்லதான் படுத்திருந்தேன்."