இரண்டாம் கட்டத்து அடியாள்

பழைய சண்டைப் படங்களை இடமிருந்து வலமாக ஓடும் வீடியோ கேமாக மாற்றிய கம்பெனி, அதில் வருகிறவர்களுக்குப் பேச்சும் நினைவும் கொடுத்திருந்தது. செத்துப்போன ஸ்டண்ட் நடிகர் தணிகாசலம் இரண்டாம் கட்டத்தில், குடோன் வாசலில் கோடுபோட்ட பனியனோடு நின்றார்.

ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஹீரோவாக ஆடிக்கொண்டிருந்த அவர் மனைவி பவுனம்மாள், "என்னங்க, நான்தான்" என்றாள்.

"தெரியுது பவுனு. அடி, நான் விழுந்துக்கிறேன்."

"மாட்டேன். இப்படியே பேசிக்கிட்டிருக்கலாம்."

"டைம் ஓடுதும்மா. நீ அடிக்கலைன்னா நான் உன்னை அடிச்சாகணும். கை என் பேச்சைக் கேக்காது."

குடித்த நாளில்கூட அவள்மேல் கை வைக்காத மனுஷன். அவர் கை தானாக மேலெழுந்தது. பவுனம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

சுருண்டு விழுந்தவர், ஷூட்டிங் முடிந்து வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிற அதே பொய்யைச் சொன்னார்: "எனக்கு அடியே படலை, பவுனு."