துணைக்குப் போனவள்

தெருவே பிளேவியாவைத்தான் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும். ஏழாம் வகுப்பிலேயே பூ வைப்பதை விட்டவள், தலை நிமிராமல் நடந்து நடந்து கழுத்தே கோணிப்போனவள். கன்னியர் மடத்தைத் தனக்காகவே கட்டியதுபோல ஒரு நினைப்பு. மடத்தில் சேர ஆள் தேர்ந்தெடுக்கும் தேவ அழைத்தல் முகாமுக்குத் தனியாகப் போகக் கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டு சலேத்தாளைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் வந்தது வினை. மடத்துத் தலைவியான மதர் பிளேவியாவிடம், “நீ இன்னும் ஒரு வருஷம் ஜெபம் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டு, செபமாலைக்கு நடுவிலேயே தூங்கி விழும் சலேத்தாளைச் சேர்த்துக்கொண்டார். மடத்துக்குக் கிளம்புகிற அன்று தெருவே வரிசையில் நின்று சலேத்தாள் நெற்றியில் சிலுவை போட்டு வழியனுப்பியது. “என்ன பிளேவியா, கூட்டிட்டுப் போனவ நீ, சிஸ்டராப் போறவ அவளா?” என்று ரொம்ப அக்கறையாய் விசாரித்தாள் எதிர்வீட்டு ரோணிக்கம். பிளேவியா பல் தெரியச் சிரித்துவைத்தாள். அவள் முறை வந்தது. “அங்க போனதும் உனக்குத்தான்டி முதல்ல வேண்டிக்குவேன்” என்று சலேத்தாள் கண்ணை மூடி நெற்றியை நீட்டினாள். பிளேவியா கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். குறுக்குக் கோடு இன்னும் பாக்கி. விரல் அங்கேயே நின்றது.