கடைசி அத்தியாயத்துக்கான படம்

படத்தில் கதவுக்கு வெளியே யாரை நிறுத்துவது என்று தெரியாமல் அவள் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் தொடர்கதையில் கடைசி அத்தியாயம். கதவு தட்டப்படுகிறது. கதாநாயகி மாதங்கி போய்த் திறக்கிறாள். வெளியே ஒருவர் நிற்கிறார். அம்மா சொன்னது அவ்வளவுதான்.

"யாருன்னு நீயே போடுடி. நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைச் சொன்ன மறுநாள் அம்மா போய்விட்டாள். அத்தியாயத்தை எழுதவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இதே முறைதான். வண்ணப் பக்கங்கள் முதலில் அச்சுக்குப் போகும். அதனால் மகள் முதலில் வரைவாள். அம்மா படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதவே உட்காருவாள்.

ஒருமுறை மகள் ஒரு கதாநாயகியின் கழுத்தில் தாலி வரைய மறந்துவிட்டாள். படம் அச்சாகிவிட்டது. அம்மா திட்டவில்லை. அந்த வாரமே அந்தப் பெண்ணின் கணவனை லாரியில் அடிபட்டுச் சாக வைத்தாள். வாசகிகள் அழுது கடிதம் எழுதினார்கள். மகளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

வரைந்தால் நடந்துவிடும். படத்தை மீறி அம்மா ஒரு வரி எழுதியதில்லை.

நான்காம் நாள் காலையில் அவள் அம்மாவை வரைந்தாள்.

வேறு யாரை வரைவாள்? அவளுக்கு வேண்டியது அம்மா ஒருத்திதான்.

மெல்லிய பருத்திப் புடவை. மூக்குக்கண்ணாடி. வலது காலில் மட்டும் செருப்பு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மற்றது கழன்று விழுந்திருந்தது.

படத்தை மட்டும் உறையில் வைத்து ஒட்டிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கதையை வேறு யாரையாவது விட்டு முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மதியம் உதவி ஆசிரியர் தணிகாசலம் போன் செய்தார்.

"மேடம், கவர் வந்துருச்சு. அம்மா எழுதியே வச்சிட்டுப் போயிருக்காங்கன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? படத்தோட பதினோரு பக்கம் இருக்கு. அதே கையெழுத்து, அதே பச்சை மை."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சிக்கல். வாசல்ல மாதங்கியோட செத்துப்போன அம்மா நிக்கறாங்க. ஒத்தைச் செருப்பு வரைக்கும் உங்க படம்தான். ஆனா மாதங்கி ஜன்னல் வழியா பாத்துட்டு, திறக்காமயே உள்ள போயிடறா. வந்திருக்கறது அம்மா இல்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம். அதனால கதவைச் சாத்தி வரைஞ்சு குடுத்துடுங்க."

படம் மாலையே திரும்பி வந்தது.

முதன்முறையாக அம்மா படத்தை மீறியிருக்கிறாள். ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. வரைந்தது வந்துவிடும்; வருவது அம்மாவாக இருக்காது. பயமாக இருந்தது. பயத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

பழுப்பு வண்ணத்தைக் குழைத்தாள். பலகை பலகையாகக் கதவைச் சாத்தினாள். முதலில் கால் மறைந்தது. பிறகு புடவை. முகத்தைக் கடைசிவரை வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் மூடினாள்.

கதவு சாத்தியாகிவிட்டது. தாழ்ப்பாள்தான் பாக்கி.

மெல்லிய தூரிகையை எடுத்தாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அதைக் கழுவி வைத்துவிட்டு, படத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டினாள்.