எதிர்வீட்டு ஃபேன்

துணி வெட்டும் கத்தரிக்கோலோடு தையல்காரி ஏணியில் ஏறினாள்.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவன் அவள் புருஷன். வேண்டாம் என்று இரண்டு தடவை முனகினான். வாயில்லாப்பூச்சி சொல்லி அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

தெருவுக்கே பொதுவான சோலார் பேட்டரி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மாடி அறையில் இருந்தது. பகல் வெயிலைச் சேர்த்துவைத்து வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்கும். பங்கு தீர்ந்தால் அந்த வீடு இருட்டு.

எதிர்வீட்டு நாத்தனார் வீட்டில் பொழுது சாய்ந்ததுமே இருட்டிவிடும். குடித்தனம் நடத்தத் துப்பில்லாதவள் என்று தையல்காரி சொல்லாத நாளில்லை. தையல்காரி வீட்டிலோ மோட்டார் தையல் மெஷின் ஊர் அடங்கும்வரை ஓடும். எல்லாம் தன் சிக்கனம் என்று பீற்றிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

இந்த வாரம் எல்லாம் தலைகீழ். நாத்தனாரின் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். எதிர்வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. இங்கே மெஷின் திடீரென்று நிற்கிறது, சற்றுப் பொறுத்துத் தானாக ஓடுகிறது. விடிந்தால் பள்ளிக்கூடச் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த வேலை இனி அவளுக்கு இல்லை.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஊரான் வெயில்ல காத்து வாங்குறா, உங்க தங்கச்சி!"

மேலேயிருந்து அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. வாசலுக்கு வாசல் தலைகள் நீண்டன. எல்லோருக்கும் விஷயம் தெரியும். சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் ஆளில்லை.

பேட்டரி அறையில், நாத்தனார் வீட்டு சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பின. ஒன்று நேராக அந்த வீட்டுக்குப் போனது. மற்றது கூரைகளின் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி எங்கோ போனது. திருட்டு ஒயர், வேறென்ன? எங்கே போய் முடிகிறது என்று பார்க்க ஆத்திரம் விடவில்லை.

நறுக்கினாள்.

எதிர்வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

தையல்காரி வீட்டில், அவள் மகள் தைத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

குனிந்து புருஷனைப் பார்த்தாள். என்றைக்கோ தங்கையிடம் கேட்டு அந்த ஒயரைத் தன் வீட்டுக்கு இழுத்தவன், ஏணியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் ஃபேனும் நின்றது. உள்ளேயிருந்து யாரோ அணைத்துவிட்டார்கள். அந்த ஒரு பங்கு ஃபேனையும் மெஷினையும் நெடுநேரம் சேர்த்துத் தாங்காது; எதிரே மெஷின் சத்தம் நின்றால் ஃபேனை அணைப்பது, இந்த ஒரு வாரமாக அந்த வீட்டு வழக்கம்.

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

இந்தத் தடவை மெஷின் ஓடவில்லை.