அழிந்துபோன இரண்டு பெயர்கள்

“ரெண்டு பேரும் கைகழுவிட்டாங்க சார்! வளர்த்தவளை நட்டாத்துல விட்டுட்டாங்க!”

மருத்துவமனைக் கணினி அறையின் வாசலில் நின்று குமுறினார் பெரியவர்.

மறுநாள் காலை அவர் மனைவிக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை. தர முன்வந்தவர்கள், அவள் தாயாக நின்று வளர்த்த தம்பியும் கடைக்குட்டித் தங்கையும். இருவருடையதும் பொருந்தியது, ஒருவர் தந்தால் போதும். நேற்றுவரை கொடையாளர் பதிவில் இருந்த இரண்டு பெயர்களும் இன்று இல்லை.

“போன் போட்டீங்களா ஐயா?” என்றார் பொறியாளர்.

“ரெண்டும் அணைஞ்சு கிடக்கு. வீட்டுப் பங்குத் தகராறுல ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கிறதில்ல. ஓடி ஒளியறதுல மட்டும் என்ன ஒத்துமை பாருங்க!”

மேசைத் தொலைபேசி அலறியது. செவிலியர்.

“பேர் கிடைச்சுதா சார்? சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா, அறுவை அரங்கை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க.”

மருத்துவமனைக்குக் கிழக்கு, மேற்கு என இரு கட்டடங்கள். இரண்டிலும் ஒரே பதிவின் பிரதிகள். காலையில் இணைப்பு அறுந்ததால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதற்குத் தெரியவில்லை. இணைப்பு மீண்டதும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கியது. ஒரு பிரதியில் நீக்கிய பெயர் இரண்டிலும் நீங்கும் என்னும் விதி பொறியாளரே வகுத்தது.

ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு, ஒன்றாவதற்கு முந்தைய பிரதிகளைத் திறந்தார். கிழக்கில் தங்கையின் பெயர் மட்டும் நீங்கியிருந்தது. மேற்கில் தம்பியின் பெயர் மட்டும்.

கிழக்குப் பதிவாளரை அழைத்தார்.

“அந்தம்மா வந்து தன் பேரை எடுக்கச் சொன்னாங்களா?”

“அவங்க வரவே இல்லையே சார். தம்பிதான் வந்தார். ‘தங்கச்சிக்குக் கைக்குழந்தை இருக்கு, நானே தர்றேன்’னார். ஒருத்தர் உறுதியானா இன்னொரு பேரை எடுத்துடுறதுதானே நம்ம வழக்கம்? பரிசோதனைக்குப் படுத்திருக்கார். அதான் போனை அணைக்கச் சொன்னோம்.”

பொறியாளர் தம்பியின் பெயரை மீண்டும் ஏற்றினார். போன உயிர் திரும்பியது போலிருந்தது.

விவரத்தை அவரிடம் கேட்டறிந்த பெரியவரோ கொதித்தார்.

“அப்போ மேற்குக் கட்டடத்துல அவன் பேரை அழிச்சது அவதானே? உயிருக்குப் போராடுறப்பவுமா பகையைத் தீர்த்துக்கணும்? இனி என் வாசப்படி மிதிக்கட்டும், பார்த்துக்கறேன்!”

பொறியாளர் மேற்குக் கட்டடத்தை அழைத்து, பெரியவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

“ஆமா சார், தங்கச்சி சொல்லித்தான் அண்ணன் பேரை எடுத்தேன். ‘மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர், அவர் உடம்பு தாங்காது, என்னோடதை எடுத்துக்குங்க. அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்’னாங்க. பக்கத்து அறையிலதான் பரிசோதனைக்குப் படுத்திருக்காங்க… போனைக் கொடுக்கட்டுமா?”